காய்பாவின் எலும்புப் பேழை: எருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகம்

தொல்லியல் பிரிவில் அரை மணி நேரம்தான் இருக்கிறதென்றால் இந்தப் பேழைக்கே கொடுத்துவிடலாம். இயேசுவை விசாரித்த யூதத் தலைமைக் குரு காய்பாவுடையது என்று கருதப்படும் இது 1990இல் எருசலேமின் தென்பகுதிக் கல்லறை ஒன்றில் கிடைத்தது. நீளம் ஏறத்தாழ 75 செ.மீ. அந்த அளவுக்குக் காரணம் தொடை எலும்பு. உடல் குகையில் ஓராண்டு போல் கிடந்து சதை கழிந்தபின் எலும்புகளைத் திரட்டிப் போடும் பெட்டி இது. மிக நீளமான எலும்பு அடங்கினால் போதும்.

முன்பக்கம் இரண்டு பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பூச்சுழல்கள். மென்மையான சுண்ணக்கல் என்பதால்தான் இவ்வளவு நுணுக்கம் சாத்தியமாயிற்று. சாதாரணப் பேழைகளில் வரும் ஆறிதழ்ப் பூவுக்குக் கவராயமே போதும்: வட்டம் போட்ட அதே விரிவில் விளிம்பைச் சுற்றினால் சரியாக ஆறு புள்ளி விழும்.

பலர் முன்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெயர் அங்கே இல்லை! ‘யெஹோசெப் பார் கயாஃபா’ (கயாஃபா, அதாவது காய்பா, குடும்பத்து யோசேப்பு) என்பது குறுகிய பக்கத்திலும் பின்பக்கத்திலும் கூர்முனையால் கீறப்பட்டிருக்கிறது. கீறல் ஆழமில்லை, நேராக நின்றால் தப்பிவிடும், சாய்வாகப் பாருங்கள். சிற்பியின் நேர்த்திக்கும் இந்தக் கிறுக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் காட்சிக்கு அல்ல, குடும்பத்தார் அடையாளம் காண்பதற்கு. உள்ளே இருந்தது ஒருவரின் எலும்பு மட்டுமன்று: சுமார் 60 வயது ஆண், குழந்தைகள் உட்பட மொத்தம் ஆறு பேர்.