தக்காளிக்கு எது பொருத்தம்? எகிப்தின் தும்யாத்தியும் அரீஷும்

எகிப்திய வீடுகளில் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் மேசைக்கு வரும் எளிய சாலட் ஒன்று உண்டு. வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, எண்ணெய், அவ்வளவுதான். 'ஜிப்னா பில் தமாத்திம்' என்பார்கள். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் கிண்ணத்தில் விழுவது எந்தப் பாலாடைக்கட்டி என்பதைப் பொறுத்து அது இரண்டு வெவ்வேறு உணவாகிவிடுகிறது. 'வெள்ளை சீஸ் ஏதாவது சேர்க்கவும், கிடைக்காவிட்டால் ஃபெட்டா' என்று எழுதி முடித்துவிடும் சமையல் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எகிப்தில் அதிகம் புழங்கும் இரண்டு வெள்ளைக் கட்டிகளும் பிறப்பிலேயே எதிரெதிரானவை. ஒன்றில் உப்பு பாலிலேயே கலந்துவிடுகிறது. இன்னொன்றில் எல்லாம் முடிந்த பிறகுதான் உப்பு வருகிறது.

முதல் வகை தும்யாத்தி. நைல் நதியின் கிழக்குக் கிளை மத்தியதரைக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள தும்யாத் (டாமியெட்டா) நகரத்தின் பெயரைத் தாங்கியது. எருமைப்பால், பசும்பால் அல்லது இரண்டின் கலவை. பாலாடைக்கட்டி செய்பவர்கள் உலகின் பல பகுதிகளிலும் பாலை முதலில் உறைய வைத்து, கட்டியை வெட்டி வடித்த பிறகே உப்பைத் தொடுவார்கள். தும்யாத்தியில் உறைப்பதற்கு முன்பே, திரவமாக இருக்கும் பாலிலேயே உப்பைக் கொட்டிக் கரைத்துவிடுகிறார்கள். நூறு லிட்டர் பாலுக்கு ஐந்து கிலோ முதல் பத்து கிலோவுக்கும் மேல் போகும். கோடையில் இன்னும் கூடும். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், டெல்டாவின் வெயிலில் பால் கெடாமல் இருக்க மக்கள் கண்ட வழி இது. இதற்கு ஒரு விளைவு உண்டு. உப்பு மிகுந்த பாலில், பாலை உறைய வைக்கும் நொதியான ரென்னட் மெதுவாகத்தான் வேலை செய்யும். உறையும் கட்டியும் இறுகாமல், நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தொட்டால் குழையும் பதத்தில் நிற்கும். தும்யாத்தியின் மென்மைக்கு அந்த உப்பே காரணம். இரண்டையும் பிரிக்க முடியாது.

இதைப் புதிதாகவும் சாப்பிடலாம், உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டும் சாப்பிடலாம். கடைகளில் 'தல்லாகா' என்று கேட்டால் கிடைப்பது குளிர்பெட்டியில் வைத்து விற்கும் உப்புக் குறைந்த இளங்கட்டி. பீப்பாயில் முதிர்ந்தது 'பரமீலி'. மிளகாய் சேர்த்து ஊறவைத்த, காரசாரமான 'இஸ்தான்புலி'யும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது அரீஷ். இதை எழுதும்போதே எனக்குக் கை வேகமாக ஓடுகிறது, ஏனென்றால் இது கிராமத்துப் பெண்களின் கைவேலை. பாலை மண்சட்டிகளில் ஊற்றி அசையாமல் வைத்துவிடுவார்கள். ஆடை மேலே திரளும், கீழே பால் தானாகப் புளித்து உறையும். மேலே திரண்டதை எடுத்து வெண்ணெயாக்குவார்கள். அதை உருக்கினால் 'சம்னா' எனும் நெய். மீதமுள்ள கொழுப்பற்ற புளித்த தயிரை நாணற்பாயில் கொட்டிச் சுருட்டிக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் நீர் வடிந்து, பாயின் வரிகள் பதிந்த வெண்கட்டி கிடைக்கும். அப்போதுதான் கொஞ்சம் உப்பு தூவுகிறார்கள். ரென்னட் தேவையில்லை, பெரிய செலவு இல்லை. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய தயிரே ஒரு குடும்பத்துக்குப் புரதம் தரும் உணவாகிவிடுகிறது. அந்த அரீஷையே மண்சாடியில் உப்பும் மிளகாயும் சேர்த்து மாதக்கணக்கில் மூடி வைத்தால் 'மிஷ்' எனும் கடுங்காட்டமான ஊறல் ஆகிவிடும். மண்சாடியில் பாலாடைக்கட்டி வைக்கும் பழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதில்லை. மெம்ஃபிஸ் நகரத் தலைவராக இருந்த ப்தாமெஸின் சக்காரா கல்லறையில் கிடைத்த சாடி ஒன்றில் இருந்தது சுமார் 3200 ஆண்டு பழைய பாலாடைக்கட்டி என்று 2018இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

இனி கிண்ணத்துக்கு வருவோம்.

தக்காளியை நறுக்கியதும் சாறு விடும். உப்பு பட்டால் இன்னும் அதிகமாக விடும். இளம் தும்யாத்தியை அதில் போட்டு முள்கரண்டியால் பாதி நசுக்கினால், கட்டியின் உப்பு தக்காளிச் சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும். கட்டியோ அந்தச் சாற்றில் கரைந்து, இளஞ்சிவப்பான குழம்பாகித் துண்டுகளின் மேல் படியும். சாலட்டுக்குத் தனியாகச் சாறு தயாரிக்க வேண்டிய வேலையே இல்லை. 150 கிராம் கட்டிக்கு நன்கு பழுத்த தக்காளி மூன்று, ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு சிட்டிகை, கையில் கசக்கிய காய்ந்த புதினா. உப்பு போடவே கூடாது. எலுமிச்சையும் தக்காளி இனிப்பாக இருந்தால் மட்டும் சில சொட்டுகள். வெள்ளரிக்காயை நான் இதில் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே நீர் நிறைந்த கிண்ணத்தில் அது மேலும் நீரைத்தான் சேர்க்கிறது.

அரீஷ் இப்படி நடந்துகொள்ளாது. அது கரையாது, உதிரும். கொழுப்பு இல்லாததால் வாயில் உலர்ந்து நிற்கும். புளிப்பு முன்னால் வரும், உப்பு ஏறக்குறைய இல்லை. தும்யாத்திக்குச் செய்ததுபோல் ஒரு கரண்டி எண்ணெயோடு நிறுத்திவிட்டால் சாப்பிடுபவர் சுண்ணாம்பைக் கடித்ததுபோல் முகம் சுளிப்பார். 250 கிராம் அரீஷுக்கு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டியாவது வேண்டும். தக்காளி இரண்டு போதும், வெள்ளரி ஒன்று தாராளமாகச் சேரலாம். வெங்காயத்தாள், பச்சைமிளகாய், பார்ஸ்லி, சதகுப்பைக் கீரை எல்லாம் பொடியாக நறுக்கிப் போட்டால் அதன் புளிப்பு அத்தனையையும் தாங்கும். மேலே கருஞ்சீரகம். எகிப்தில் பலர் ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாக 'ஸேத் ஹார்' எனும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றுவார்கள். அதன் லேசான கசப்பு அரீஷின் புளிப்போடு சேரும்போது வரும் சுவை ஆலிவ் எண்ணெயில் கிடைக்காது. உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்து, நம் விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அரீஷின் பெருமை இதுதான். உப்பின் அளவை முடிவு செய்யும் உரிமை சாப்பிடுபவரிடம் இருக்கிறது. தும்யாத்தியில் அந்த முடிவைப் பால் உறைவதற்கு முன்பே வேறொருவர் எடுத்துவிட்டார்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரமீலியும் இஸ்தான்புலியும் சுவையில் சிறந்தவை, ஆனால் தக்காளியை அமுக்கிவிடும். தண்ணீரிலோ பாலிலோ சில மணி நேரம் ஊறவைத்து உப்பை இறக்கினால் சாலட்டில் கொஞ்சமாகத் தூவலாம். அட்டைப்பெட்டியில் வரும், 'ஃபெட்டா' என்று எழுதிய வழவழப்பான கட்டி எகிப்துக் கடைகளில் மலைபோல் குவிந்திருக்கிறது. பாலை நுண்வடிகட்டியில் செறிவாக்கிப் பெட்டியிலேயே உறைய வைக்கும் முறையில் வருவது அது. பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கும், அட்டையின் எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரொட்டியில் தடவ அது போதும். தக்காளியில் போட்டால் பசையாகிவிடுகிறது. கிரேக்க ஃபெட்டா முற்றிலும் வேறு பொருள். செம்மறியாட்டுப்பால், அதிகபட்சம் 30 சதவீதம் வெள்ளாட்டுப்பால். கட்டி வடிந்த பிறகே உப்பு, பிறகு குறைந்தது இரண்டு மாதம் முதிர்ச்சி. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. துண்டு துண்டாக நின்று கடிபடுவது அதன் அழகு. தும்யாத்தியைப்போல் சாற்றில் கரைந்து போக அது சம்மதிக்காது. பனீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கொதிக்கும் பாலில் புளிப்பு விட்டுத் திரித்து அழுத்திய பனீரில் அரீஷின் புளிப்பும் இல்லை, தும்யாத்தியின் குழைவும் இல்லை. கொழுப்பு நீக்கிய பாலில் உறைய வைத்த தயிரைத் துணியில் கட்டி இரண்டு நாள் குளிர்பெட்டிக்குள் தொங்கவிட்டு வடித்தால் அரீஷுக்கு அதைவிட அருகில் போகலாம்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பெரிய கடைகளின் பாலாடைக்கட்டிப் பிரிவில் எகிப்து, பல்கேரியா, துருக்கி, கிரீஸ் என்று வெள்ளைக் கட்டிகள் வரிசையாக உப்புநீரில் நிற்கும். கேட்டால் ஒரு துண்டு சுவைக்கத் தருவார்கள். இளம் தும்யாத்தியை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் அழுத்தினால் பற்களின் உதவியில்லாமல் கரைய வேண்டும். கடிக்க வேண்டியிருந்தால் அது முதிர்ந்தது, வேறொன்றைக் கேளுங்கள்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் இளம் தும்யாத்தியைத்தான் எடுப்பேன், தக்காளி நன்றாகப் பழுத்திருக்கும் பட்சத்தில். பழுத்த தக்காளியின் இனிப்புக்கு எதிரே உப்பு நிற்க வேண்டும், அந்த இடத்தை அரீஷால் நிரப்ப முடியவில்லை. எகிப்தியர் கோடையில் தர்பூசணியோடு வைத்துச் சாப்பிடுவதும் உப்பான வெள்ளைக் கட்டியைத்தான். ஆனால் தக்காளி வெளிறி, தோல் தடித்து, புளிப்பாக மட்டும் இருக்கும் நாட்களில் நான் தயங்காமல் அரீஷுக்கு மாறிவிடுவேன். கீரைகளும் எண்ணெயும் சேர்ந்து தக்காளியின் குறையை மறைத்துவிடும்.

பரிமாறும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். தும்யாத்தி சாலட் கலந்த கால் மணி நேரத்துக்குள் உண்ணப்பட வேண்டும், ஐஷ் பலதி எனும் தவிட்டு ரொட்டியால் சாற்றை ஒற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். அரீஷைக் கீரையும் எண்ணெயும் கலந்து முந்தைய இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். தக்காளியையும் வெள்ளரியையும் மட்டும் காலையில் நறுக்கிச் சேர்த்தால் போதும்.