வேர்ட்பிரஸோட 11 வருஷம்: கொலுசுக் கடை, மலைப் பள்ளிக்கூடம், ஆடிக் கணக்கு

போன வாரம் தங்கச்சி வீட்டுக்காரரு போன் பண்ணி, "மச்சான், எங்க சங்கத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணணும், வேர்ட்பிரஸ்லயே போட்டுடலாமா, நீங்கதான் ரொம்ப வருஷமா அதுல இருக்கீங்களே"ன்னு கேட்டாரு. வேர்ட்பிரஸ்னா வெப்சைட் கட்டி நாமளே அதுல எழுதிப் போடறதுக்கான ஒரு சாஃப்ட்வேர். அரை மணி நேரம் பேசியும் என்னால ஆமான்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. சரி, இதை எழுதியே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

2014ல சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஒத்த ரூம் எடுத்து ஆரம்பிச்சேன். அப்பவே வேர்ட்பிரஸ் வந்து 11 வருஷம் ஆயிடுச்சு, 2003ல வந்தது அது. லைசென்ஸ் காசு கிடையாது, சோர்ஸ் கோடு கையில இருக்கு, எந்த சந்தேகம்னாலும் எவனோ ஒருத்தன் எங்கயோ பதில் எழுதி வச்சிருப்பான், சேலத்துல உக்காந்து தனியா வேலை பாக்கறவனுக்கு அதைவிட வேறென்ன வேணும். இதுவரைக்கும் சின்னதும் பெருசுமா ஒரு 40 சைட் பண்ணியிருப்பேன், இன்னைக்கு உசுரோட இருக்கறது பாதிகூட இருக்காது. அதுல மூணு மட்டும் சொல்றேன்.

முதல்ல சேலத்துல குகைங்கற பகுதியில ஒரு நண்பர்கள் மன்றம். ஆடி மாசம் குகைப் பக்கம் வண்டி வேடிக்கை பாத்தவங்களுக்குத் தெரியும், சாமி வேஷம் போட்டு வண்டி ஜோடிச்சு வர்றதுக்கு தெருவே வசூல் பண்ணும், வசூல்னா கணக்கு வரும், கணக்குன்னா சண்டை வரும். அதனால வரவு செலவ நெட்லயே போட்டுடலாம்னு பசங்க முடிவு பண்ணாங்க, நல்ல யோசனைதான். ஆனா நன்கொடையாளர் பட்டியல் முழுக்க டிடிபி கடையில பாமினி ஃபான்ட்ல அடிச்ச வேர்டு ஃபைலா இருந்துச்சு. பாமினின்னா உள்ளுக்குள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகமூடி, அந்த ஃபான்ட் இல்லாத போன்ல திறந்தா வெறும் குப்பையா தெரியும். எந்த போன்லயும் தமிழாவே தெரியற யூனிகோடு முறைக்கு மாத்தித்தான் ஆகணும். பாமினில கொம்ப முதல்ல அடிச்சுட்டு அப்புறம்தான் எழுத்த அடிப்பாங்க, யூனிகோடுல எழுத்து முதல்ல கொம்பு பின்னாடி, கன்வெர்ட்டர் பெரும்பாலும் சரியா மாத்திடும். மாட்டுனது வேற எடத்துல. 'கௌ' எழுதறப்ப கடைசியில வர்ற அந்தக் குறியும் 'ள' எழுத்தும் பாக்க ஒண்ணா இருக்குல்ல, பாமினில ரெண்டுக்கும் ஒரே கீதான், மாத்துனப்ப ஒரு கொம்பும் தனி 'ள'வுமா வந்து உக்காந்துடுச்சு. கண்ணால பாத்தா 'கௌரி'ன்னுதான் இருக்கும், தேடுனா வராது. ஒரு அம்மா போன் பண்ணி, "ஏங்க, நான் 500 ரூவா குடுத்தது உங்க லிஸ்ட்ல காணமே"ன்னாங்க. பணம் இருந்துச்சு, பேரும் இருந்துச்சு, தேடுற பெட்டிக்கு மட்டும் அது தெரியல. அன்னைக்கு ராத்திரி பூரா இந்த 'ள'வ தேடித் தேடி மாத்துனேன், அதுக்கு மன்றத்துல குடுத்தது ரெண்டு தட்டு வடை செட்டும் ஒரு டீயும்.

அதே சைட்ல இன்னொரு கூத்து. வருஷா வருஷம் "ஆடிப் பண்டிகை வரவு செலவு கணக்கு"ன்னு தலைப்பு போட்டு கடைசியில வருஷத்தையும் சேத்துப் போடுவாங்க. வேர்ட்பிரஸ் தலைப்ப எடுத்து லிங்க்கா மாத்தும். கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கற யூடிஎஃப் 8 முறையில தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் 3 பைட், லிங்க்குக்குள்ள போறப்ப ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோட சேத்து 3 கேரக்டர், ஆக ஒரு எழுத்துக்கு 9. புள்ளி, கொம்பு, கால் எல்லாம்கூட தனித்தனி எழுத்தாத்தான் கணக்கு. லிங்க்குக்கு மொத்த எடம் 200 கேரக்டர், அப்படின்னா தமிழுக்கு கிடைக்கறது 22 எழுத்து. மேல சொன்ன தலைப்பு 'செலவு'ங்கறதோட வெட்டுப்படும். 'கணக்கு' போச்சு, அதுக்கப்புறம் இருந்த வருஷமும் போச்சு. அடுத்த வருஷத்துக்கும் அதே லிங்க் வரும்ல, அதனால தானா பின்னாடி 2ன்னு ஒட்டிக்கும், அதுக்கடுத்த வருஷம் 3. யாரோ பழைய வருஷத்து லிங்க்க வாட்ஸப்ல போட்டுட்டு இதுதான் இந்த வருஷக் கணக்குன்னு சொல்ல, பேனர் செலவு ஏன் இவ்வளவு கம்மியா இருக்குன்னு தெருவுல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. வாட்ஸப்ல அந்த லிங்க் சதவீதக் குறியும் நம்பருமா ஒரு முழம் நீளத்துக்கு நிக்கும், பாக்கறவன் வைரஸ்னு நெனச்சு தொடவே மாட்டான். அதுலேர்ந்து தலைப்பு தமிழ்ல, லிங்க் மட்டும் இங்கிலீஷ்ல சின்னதா வருஷத்தோட, கையாலயே போட்டுடறேன். தமிழ் சைட் பண்ற எல்லாரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது, நான் கத்துக்க மூணு ஆடி ஆச்சு.

அடுத்தது செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசுக் கடை. ஆன்லைன்ல விக்கணும்னாரு அந்த அண்ணா, வேர்ட்பிரஸ்ல கடை நடத்த உதவுற வூகாமர்ஸ் போட்டேன். சட்டை, புக்கு, மசாலாப் பொடி இதுக்கெல்லாம் வூகாமர்ஸ் அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். வெள்ளி அப்படி இல்ல. விலை தினம் மாறும், அதனால பொருளுக்கு விலை போட முடியாது, இன்னைக்கு கிராம் ரேட்டை எடையால பெருக்கி செய்கூலி சேத்து அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி, இதை தானா கணக்குப் போட நானே ஒரு குட்டி பிளகின், அதாவது வேர்ட்பிரஸோட ஒட்டிக்கற துணை சாஃப்ட்வேர், எழுதுனேன், பெருமையாத்தான் இருந்துச்சு. காலையில கடை திறந்ததும் ரேட்டை ஒரு பெட்டியில போட்டா போதும், 200 ஜோடிக்கும் விலை மாறிடும். கொண்டுபோய் காட்டுனா அவரு ரெண்டு ஜோடிய எடுத்து தராசுல வச்சாரு. ஒரே டிசைன், ஒரே பட்டறை. ஒண்ணு 82 கிராம், இன்னொண்ணு 86. "இதுல எந்த எடைய தம்பி போடுவ?" அவ்வளவுதான், நான் பெருமைப்பட்ட பிளகின் அங்கயே படுத்துடுச்சு. கொலுசுல ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனிப் பொருள், ஸ்டாக் 1. ஒவ்வொண்ணையும் எடை போட்டு போட்டோ எடுத்து ஏத்த ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு சம்பளம் வேணும். ரெண்டு மாசம் அவரு தங்கச்சி பையன் செஞ்சான், அப்புறம் காலேஜ் திறந்துட்டாங்க. கடைசியில ஆன்லைன்ல வாங்கற கார்ட்டையே எடுத்துட்டு, டிசைன் படம், எடை ஏறக்குறைய இத்தனைலேர்ந்து இத்தனை வரைக்கும், கீழ ஒரு வாட்ஸப் பட்டன், அவ்வளவுதான் வச்சோம். ஆளுங்க படத்தப் பாத்து மெசேஜ் பண்ணுவாங்க, இவரு தராசுல வச்சு போட்டோ அனுப்புவாரு. வியாபாரம் இப்பதான் நடக்குது.

அந்தக் கடை சைட்டை நானே ஒரு தடவ கெடுத்ததையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல காசு குடுத்து வாங்க வேண்டிய ஒரு தீம், அதாவது சைட்டோட தோற்ற டிசைன், அதை எவனோ ஓசியில போட்டிருந்தான்னு இறக்கிப் போட்டுட்டேன். நாலு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அவரு பையன் சென்னையிலேர்ந்து கூப்பிட்டு, "அண்ணா, கூகுள்ல நம்ம கடை பேருக்குக் கீழ ஏதோ சைனீஸ் எழுத்து வருதே"ன்னான். சைனீஸ் இல்ல, ஜப்பானீஸ். சைட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல டூப்ளிகேட் பிராண்ட் பொருள் விக்கற பக்கம், நாம திறந்தா தெரியாது, கூகுளுக்கு மட்டும் தெரியும். ஓசித் தீமுக்குள்ள கதவு வச்சுத்தான் குடுத்திருக்கான். மூணு நாள் உக்காந்து கழுவுனேன், கூகுள்லேர்ந்து அந்தப் பக்கமெல்லாம் போறதுக்கு மாசக்கணக்காச்சு.

மூணாவது ஏற்காட்டுல ஒரு பள்ளிக்கூடம். இதுல நான் வேர்ட்பிரஸ் போட்டதே தப்புன்னு இப்ப நெனைக்கறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா ஒரு பக்கம் சிக்னல் வரும், அடுத்த திருப்பத்துல போயிடும், நாகலூர், செம்மநத்தம்னு உள்ள இருக்கற பெத்தவங்க பாக்கறது முழுக்க போன்லதான். நான் என்ன பண்ணேன், முகப்புல ஓடுற படம் அஞ்சு, இழுத்து விட்டா கட்டம் கட்டுற ஒரு பேஜ் பில்டர், ஆண்டு விழா போட்டோ கேலரி, எல்லாம் சேத்து முதல் பக்கமே 6 எம்பி. அடிவாரத்துல என் லேப்டாப்ல பறந்துச்சு, மேல அவங்க ஸ்டாஃப் ரூம்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, நான் நெட்டைத்தான் குறை சொன்னேன். வேர்ட்பிரஸ் பின்னாடி வெர்ஷன்ல பெரிய படத்தை தானே 2560 பிக்சலுக்கு குறைக்க ஆரம்பிச்சுது, கீழ இருக்கற படத்தை அப்புறமா லோடு பண்றதும் வந்துச்சு, ஆனா நான் ஏத்தி வச்ச பாரத்துக்கு அது பத்தல.

முதல் வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர் ஆர்வமா செய்தி போட்டாங்க. அவங்க வேலைய விட்டுப் போனாங்க, அதோட சைட்டைத் தொட ஆள் இல்ல, பிளகின் அப்டேட் 20க்கு மேல சிவப்பு வட்டத்துல நின்னுக்கிட்டே இருந்துச்சு. 2022 நவம்பர்ல, வேர்ட்பிரஸ் ஓடற பிஹெச்பி மொழியோட 7.4 வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, சைட்டுக்கு சர்வர்ல எடம் குடுக்கற ஹோஸ்டிங்காரங்க ஒருநாள் 8க்கு மாத்திட்டாங்க, மெயில் அனுப்பியிருந்தாங்களாம். அந்தப் பழைய தீம் கிரியேட் ஃபங்ஷன்னு ஒரு கட்டளைய நம்பி இருந்துச்சு, 8ல அதை எடுத்தே போட்டுட்டாங்க. அட்மிஷன் நேரத்துல சைட்டு முழுக்க ஒத்த வரி, முக்கியமான பிழை ஏற்பட்டுள்ளதுன்னு. 2019லேர்ந்து வேர்ட்பிரஸ்ல ஒரு நல்ல வசதி இருக்கு, இப்படி விழுந்தா உள்ள போக ஒரு மீட்பு லிங்க்க அட்மின் மெயிலுக்கு அனுப்பும். அனுப்புச்சு. யாருக்கு? வேலைய விட்டுப் போன டீச்சருக்கு. அவங்க அப்ப கல்யாணமாகி வெளியூர்ல, அந்த மெயிலைத் திறந்தே ஒரு வருஷம் ஆச்சாம். ஹெச்எம் அம்மா என்னைத் திட்டவே இல்ல, "சார், இந்த சைட்டை நீங்கதானே பண்ணீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க, திட்டியிருந்தா பரவால்ல.

அதுக்கப்புறம் அதை அழிச்சுட்டு வெறும் ஹெச்டிஎம்எல்ல 7 பக்கம் எழுதுனேன். டேட்டாபேஸ் இல்ல, பிளகின் இல்ல, முதல் பக்கம் 300 கேபி. சிபிஎஸ்இ பள்ளிங்கறதால பள்ளி விவரத்த எல்லாருக்கும் தெரியற மாதிரி போடற மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர் பக்கம் கட்டாயம் இருக்கணும், அது இருக்கு, விண்ணப்பம் இருக்கு, வழி இருக்கு, போன் நம்பர் பெருசா இருக்கு. மழைக்கு லீவுங்கற செய்தி எப்படியும் வாட்ஸப்லதான் போகுது, அதை சைட்ல தேடுற பெத்தவங்க ஒருத்தரக்கூட நான் பாக்கல. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ மாத்தணும்னா என்னைக் கூப்பிடுவாங்க, பத்து நிமிஷ வேலை.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். 2018 கடைசியில வேர்ட்பிரஸ்ல கட்டம் கட்டமா எழுதற பிளாக் எடிட்டர் வந்தப்ப வெறுத்தேன், இப்பவும் வயசானவங்க கையாளுற சைட்ல பழைய எடிட்டர்தான் போட்டுத் தர்றேன், எனக்கு மட்டும் பழகிடுச்சு. தமிழுக்கு ஃபான்ட் பஞ்சம் இல்ல, முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ எல்லாம் ஓசியிலயே இருக்கு, ஆனா தீம் பண்றவன் இங்கிலீஷுக்கு வச்ச வரி இடைவெளிய அப்படியே விட்டா மேல் வரி 'மூ'வோட சுழியும் கீழ் வரி 'கீ'யோட கொண்டையும் முட்டிக்கும், நான் எழுத்து அளவுல 1.7 மடங்கு வைப்பேன். பட்டன்ல 'விண்ணப்பிக்க'ன்னு போட்டா வெளிய பிதுங்கும், அதுக்கும் எடம் விடுங்க. ஹோஸ்டிங் முதல் வருஷ விலைய நம்பாதீங்க, ரினியூவல் என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க, எனக்கு ஒரு தடவ மூணு மடங்கு வந்துச்சு.

அப்ப மாப்ளைக்கு என்னதான் பதில்? வாரா வாரம் யாராவது எழுதுவாங்கன்னா வேர்ட்பிரஸ், அதுல ஒரு குறையும் எனக்கில்ல, குகை மன்றத்துல இன்னைக்கும் அதுதான் ஓடுது. அப்படி ஆள் இல்லைன்னா வேணவே வேணாம். ரெண்டுக்கும் முன்னாடி டொமைன், அதாவது சைட்டோட பேரு. பழைய டிசைனர் தன் பேர்ல வாங்கி வச்சுட்டு போனை எடுக்காம, சொந்தப் பேரையே விட்டுக்குடுத்து வேற பேர் வாங்குன ஒரு கடைய நான் பாத்திருக்கேன். அதனால மாப்ள கிட்ட முதல்ல அதைத்தான் கேட்டேன், யார் பேர்ல, யார் மெயில்ல வாங்கப் போறீங்கன்னு.

"செயலாளர் பேர்லதான் மச்சான்."

"செயலாளர் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாறுவாரே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "கமிட்டியில பேசிட்டு கூப்பிடறேன்"னு வச்சுட்டாரு. இன்னும் கூப்பிடல.