1098-ஆ, காவல் நிலையமா?

வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து சந்தேகம் வருகிறது. ஆசிரியர் யாரிடம் சொல்வது?

பசியோடு வருவது, வாரக்கணக்கில் துவைக்காத சீருடை, அடிக்கடி விடுப்பு, வீட்டில் கவனிக்க ஆளில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 போதும். கட்டணமில்லாத எண், இரவிலும் எடுப்பார்கள். விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். குடும்பத்துக்கு உதவி கிடைக்கவும் வழியுண்டு.

பாலியல் வன்முறை என்ற சந்தேகம் வந்தால் கதையே வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில் காவல் நிலையத்தையோ சிறார் சிறப்புக் காவல் பிரிவையோதான் சொல்கிறது. ஆதாரம் திரட்ட வேண்டியது ஆசிரியர் வேலையல்ல, சந்தேகமே போதும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. "பள்ளிப் பேர் கெட்டுவிடும் சார்" என்று தயங்குபவர்கள் இதைப் படிக்கலாம்.

காவல் துறைக்குச் சொன்னால் நலக் குழு விடுபட்டுப்போகுமோ என்ற கவலை வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் அவர்களே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளையின் பெயர் மட்டும் ஆசிரியர் அறையில் அடிபடக் கூடாது.