டாரன்டுலா முட்டைப்பைக்கு வாங்கின இன்குபேட்டர், மூணு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம்

89 யூரோ. டாரன்டுலா, அதாவது முடி வெச்ச பெரிய சிலந்தி, அதோட முட்டைப்பைக்குன்னே செஞ்சது, தானா திருப்பி விடும், தானா சூடு பாத்துக்கும்னு போட்டிருந்தாங்க. கம்பெனி பேர் எழுதல, இதே பெட்டிய நாலஞ்சு பேர் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க. தெர்மாகோல் பெட்டி, மேல பிளாஸ்டிக் மூடி, உள்ள தண்ணி ஊத்த தட்டு, முன்னாடி டிஸ்ப்ளே, நடுவுல மோட்டார்ல சுத்தற உருளை. வாங்கலாமான்னு கேட்டா, பெட்டி பரவால்ல, டிஸ்ப்ளேவ நம்பாதீங்க, உருளைய முதல்லயே கழட்டி ஓரமா வெச்சிருங்க.

நான் இருக்கறது ஜெர்மனில, டார்ட்மண்ட். என்கிட்ட ஏழு வருஷமா கர்லி ஹேர்னு சொல்ற டாரன்டுலா வகைல ஒரு பொண்ணு இருக்கா, கருப்பின்னு கூப்பிடுவேன். நிகாரகுவா, கோஸ்டாரிகா பக்கத்து இனம், அறிவியல் பேர்ல முன்னாடி பிராக்கிபெல்மான்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப டிலில்டோகாட்டில் ஆல்போபிலோசஸ். போன தடவை அவ முட்டைப்பை கட்டினா, நான் சந்தோஷத்துல தினமும் டார்ச் அடிச்சு அடிச்சு பாத்துட்டே இருந்தேன், பன்னெண்டாவது நாள் காலைல பாத்தா பைய காணோம், தின்னுட்டா. தொந்தரவு பண்ணா அப்படித்தான் செய்வாங்க, எல்லாரும் சொன்னது எனக்கு பட்டாத்தான் புரிஞ்சது. ரெண்டு நாள் மனசே சரியில்ல. அதனால தான் இந்த தடவை இன்குபேட்டர்.

ஆண் என்கிட்ட இல்ல, தெரிஞ்ச ஒரு நண்பர்கிட்ட கடன் வாங்கினேன். இங்க இது சகஜம், ஆண் குடுத்தவருக்கு குஞ்சுல பாதி. கடைசி சட்டை உரிச்ச ஆணோட முன்னங்கால்ல கொக்கி இருக்கும், அதை வெச்சுத்தான் பொண்ணோட பல்ல தாங்கிப் பிடிச்சுக்குவான். கிட்ட போறதுக்கு முன்னாடி கால தரைல தட்டுவான், டக்டக்டக்னு, கருப்பியும் பதிலுக்கு தட்டினா பாருங்க, அந்த சத்தம் கேட்டப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது, ஆண் முழுசா திரும்பி வந்துட்டான்.

நவம்பர்ல சேத்தேன், பிப்ரவரில பை கட்டினா. இந்த தடவை கூண்டு மேல கருப்புத் துணி போட்டு தண்ணி மட்டும் ஊத்திட்டு விட்டுட்டேன். முதல் 30 நாள் அம்மாவ விட நல்ல இன்குபேட்டர் எதுவுமே கிடையாது, அவளே பைய கால்ல உருட்டி உருட்டி திருப்புவா, ஈரம் எங்க இருக்கோ அங்க தூக்கிட்டு போவா. 30வது நாள் நீள ஸ்பூன், டாங்ஸ், அவ மேல கவுக்க ஒரு டப்பா மூடி, கைல கிளவுஸ் போட்டு எடுத்தேன். முதுகு முடிய உதைச்சு விட்டா, ரெண்டு நாள் மணிக்கட்டு அரிச்சுது. பை இல்லாம அவ ராத்திரி பூரா அந்த மூலைய தடவிட்டே இருந்தா, அதைப் பாக்க கஷ்டமா இருந்துச்சு.

இப்ப பெட்டி கதைக்கு வரேன். பை வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே காலியா ஓட்டி பாத்தேன், நல்லவேளை. டிஸ்ப்ளேல 27 காட்டுது, உள்ள நான் வெச்ச தனி தெர்மாமீட்டர்ல 29.5. முட்டைக்கு 26, 27 டிகிரி போதும், சூடு ஏற ஏற முட்டை காயும். கடைசில 24.5க்கு செட் பண்ணித்தான் எனக்கு 27 கிடைச்சது. அடுத்தது உருளை, அது கோழி முட்டைக்கு செஞ்ச உருளை, வேற ஒண்ணும் இல்ல. மெத்துனு பந்து மாதிரி இருக்கற பைய அது உருட்டாது, நசுக்கும். துணில பொட்டலம் கட்டி சோதிச்சேன், ஒரே பக்கமா தேஞ்சு போச்சு. இதை சிலந்திக்குன்னு சொல்லி விக்கறாங்களேன்னு கோவம் தான் வந்துச்சு, ஒருத்தர் நம்பி பைய அப்படியே வெச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும். மூணாவது, மூடில வேர்த்து சொட்டுது, ஒரு சொட்டு முட்டை மேல விழுந்தா பூஞ்சை பிடிக்கும். பெட்டிய ஒரு பக்கம் கட்டை வெச்சு சாய்ச்சேன், தண்ணி ஓரமா வழிஞ்சுது.

உருளைக்கு பதிலா எல்லாரும் பண்ற தொட்டில் தான். ஒரு பிளாஸ்டிக் கப், அடில ஈர டிஷ்யூ, வாய்ல புது நைலான் சாக்ஸ இழுத்து லேசா தொய்வா கட்டி ரப்பர் பேண்ட், அது மேல முட்டை, மேல ஓட்டை போட்ட மூடி. செலவு ஒரு யூரோ கூட இல்ல. 89 யூரோ பெட்டிக்குள்ள உண்மையா வேலை செஞ்சது இந்த கப் தான்.

பைய சின்ன கத்திரிக்கோலால ஓரமா வெட்டினேன், பட்டுத்துணிய வெட்டற மாதிரி இருக்கும், கொஞ்சம் தடிமன். உள்ள வெளிர் மஞ்சள்ல ஜவ்வரிசி மாதிரி முட்டை, கொட்டறப்போ ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம உருண்டுச்சு, அதுவே நல்ல சகுனம். பழுப்பா சுருங்கினது 37, பிரஷ்ல ஒண்ணு ஒண்ணா எடுத்தேன், ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை கப்ப லேசா சாய்ச்சு உருட்டி விட்டேன், ஆபீஸ் போற நாள்ல மட்டும் மூணு. ஆறாவது நாள் லென்ஸ்ல பாத்தா முட்டைல கால் ஒட்டிட்டு இருக்கு, எட்டும் மடிச்சு வெச்ச மாதிரி. கால் வந்துட்டா அப்புறம் திருப்ப வேண்டாம். மூணு வாரத்துல ஒரு தடவை சட்டை உரிச்சுது, மே முதல் வாரம் இன்னொரு தடவை, வெள்ளையா இருந்ததெல்லாம் பழுப்பாகி வயித்து மேல கருப்பு பொட்டோட ஓட ஆரம்பிச்சுது. 412. எண்ணி முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு.

ஒவ்வொண்ணையும் தனித்தனி குப்பில போட்டேன், சேத்து வெச்சா ஒண்ண ஒண்ணு தின்னும். சாப்பாடு பறக்காத பழ ஈ. பாதி நண்பருக்கு போச்சு, மீதில 150ஐ ஜூன்ல பக்கத்து ஊர் ஹம் சந்தைல குடுத்தேன். ஹம்முக்கு காமாட்சி அம்பாள் கோவிலுக்கு போற நம்ம ஆளுங்க நிறைய, அதே ஊர்ல சென்ட்ரல்ஹாலன் அரங்கத்துல டெராரிஸ்டிகான்னு பாம்பு, பல்லி, சிலந்தி விக்கற சந்தை வருஷத்துக்கு நாலு தடவை நடக்கறது அதுல பல பேருக்கு தெரியாது.

ஊர்ல இருந்து சில பேர் கேக்கறாங்க, நம்ம காட்டுல இருக்கற மரச் சிலந்திய பிடிச்சு வளக்கலாமான்னு. தயவுசெஞ்சு வேண்டாம். ராமேஸ்வரம் அனுமாவிலாசம் தோப்புல கண்டுபிடிச்ச பொய்சிலோதேரியாங்கற மரச் சிலந்தி இனம் அழியற நிலைல இருக்கு, அந்த வகை முழுசும் 2019ல இருந்து சைட்டிஸ், அதாவது காட்டு உயிர்கள நாடு விட்டு நாடு விக்கறதக் கட்டுப்படுத்தற ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கு. வீட்ல பொரிச்ச குஞ்சு கிடைச்சாத்தான் காட்டுல கை வைக்கறது குறையும்.

விக்கறவங்களுக்கு எழுதினேன், புது தெர்மோஸ்டாட் அனுப்பினாங்க, அதுவும் ஒன்றரை டிகிரி தப்பு. பணம் திருப்பிக் கேட்டேன், உருளைய கழட்டினதால முடியாதாம். அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் தெர்மாகோல் சூட்ட நல்லா பிடிச்சு வெக்கறதுக்கு. கையில தெர்மாமீட்டர் இருக்கறவங்க செகண்ட் ஹேண்ட்ல 30 யூரோக்கு கிடைச்சா எடுக்கலாம்.

கருப்பி போன வாரம் சட்டை உரிச்சா. உள்ள சேத்து வெச்சிருந்த விந்தும் அந்த சட்டையோட போயிடும், அதனால அடுத்த தடவைக்கு திரும்ப ஒரு ஆண் தேடணும். டார்ட்மண்ட் பக்கம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, குஞ்சுல பாதி உங்களுக்கு.