பீலிங் மேசைக்கு வந்த பயிற்சி வடிவமைப்பாளர்கள்: ஒரு சேவை மதிப்பீடு

கருங்கல் பக்கத்தில் உள்ள எங்கள் முந்திரி ஆலையில், பருப்பின் தோலை உரிக்கும் பீலிங் பிரிவில் முழுப்பருப்பு உடைவது கூடிக்கொண்டே போனதால், அங்குள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்று நினைத்து, நாகர்கோவிலில் இயங்கும் ஒரு சிறு பயிற்சி வடிவமைப்புக் குழுவை அமர்த்தினோம். முழுப்பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் சந்தையில் உள்ள விலை வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் செலவின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதை, இதே தொழிலில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

பயிற்சி நிறுவனங்கள் பொதுவாக முதல் சந்திப்பிலேயே பாடத்திட்டத்தையும் கட்டண விவரத்தையும் நீட்டிவிடும். இவர்கள் பாடத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், உடைவு எல்லா நாளும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். கைத்திறன்தான் குறை என்றால் ஒருவர் கையில் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு உடைய வேண்டும். ஒரே அக்காவின் முறத்தில் ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் மிகுதியாகவும் உடைந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். எடைப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்த வாதம் சரியாகவே இருந்தது. போர்மா என்ற உலர்த்தும் அடுப்பில் காய்ந்து வரும் பருப்பு சூட்டில் ஈரம் இழந்து விறைப்பாக இருக்கும். அதைச் சிறிது நேரம் வைத்து, கொஞ்சம் ஈரம் பிடித்துப் பதமான பிறகு உரித்தால்தான் தோலும் எளிதாகக் கழலும், பருப்பும் பிளக்காது. அவசர ஆர்டர் வந்த நாட்களில் இந்த இடைவெளி சுருங்கி, பதமாகாத பருப்பு மேசைக்கு வந்திருக்கிறது. அதற்குத் தேவை வகுப்பு அல்ல, போர்மா வாசலில் ஒரு நேரப் பதிவும் அதை மீறாத மேற்பார்வையும் என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்களுக்கு வர வேண்டிய வேலையின் ஒரு பகுதியைத் தாங்களே வெட்டிக்கொண்ட இந்த நேர்மைக்காகவே அவர்களுக்கு முதல் மதிப்பெண் தருவேன்.

அமெரிக்க அறிஞர் தாமஸ் கில்பர்ட் 1978-லேயே வலியுறுத்திய கருத்துதான் இது: வேலை சரியாக நடக்காதபோது தொழிலாளியின் அறிவைச் சந்தேகிப்பதற்கு முன், அவருக்குத் தெளிவான தகவலும் தகுந்த கருவியும் நியாயமான ஊக்கமும் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் மூன்றாவதும் கோணலாகவே இருந்தது. உரித்த எடைக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, மெதுவாக, உடையாமல் உரியுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? முழுப்பருப்பின் பங்குக்கு ஒரு சிறு கூடுதல் தொகை வைக்கலாம் என்ற அவர்களது பரிந்துரையை, உரிமையாளரோடு சற்று வாதாடியே ஏற்றுக்கொள்ள வைத்தேன்.

உண்மையில் பயிற்சி தேவைப்பட்ட இடம், பருப்பை அளவு வாரியாகத் தரம் பிரிக்கும் கிரேடிங். டபிள்யூ 240 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 என்று எல்லோருக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும். ஆனால் கண்ணால் பிரிக்கும்போது எல்லைக்கோட்டில் இருக்கும் பருப்பு ஆளுக்கொரு தட்டில் விழுந்தது. பயிற்சியை மதிப்பிட அமெரிக்க அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படிகளை, அதாவது பயின்றவரின் கருத்து, கற்றது, வேலையில் தெரியும் மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த பலன் என்பவற்றை, இவர்கள் கடைசியிலிருந்து தொடங்கினார்கள். பேக்கிங்கிலிருந்து திரும்பி வரும் தட்டுகள் குறைய வேண்டும் என்பதை முதலில் குறித்து, அதற்கு மேசையில் என்ன மாற வேண்டும், அதற்கு என்ன பழக வேண்டும் என்று பின்னோக்கி வந்தார்கள். கிடைத்தது ஒரு நாள் கருத்தரங்கம் அல்ல. வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம், வேண்டுமென்றே கலந்து வைத்த பருப்புத் தட்டு, பிரித்த உடனே விடை, சில நாள் விட்டு மீண்டும் அதே பயிற்சி. ஒரே மூச்சில் படித்ததைவிட இடைவெளி விட்டுப் படித்தது நிலைக்கும் என்பதை 1885-இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதித்துக் காட்டியிருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர்களும் வெளியாட்கள் அல்லர். எங்கள் மூத்த கிரேடர்களையே தேர்ந்தெடுத்து, காட்டுவது, செய்ய வைப்பது, பிறகு விலகி நின்று கவனிப்பது என்ற முறையைப் பழக்கினார்கள். ஒரு அக்கா மற்றொரு அக்காவுக்குச் சொல்லும்போது வரும் கேள்விகள் மேலாளர் முன்னிலையில் ஒருபோதும் வருவதில்லை.

குறைகளும் உண்டு. கையேட்டின் தமிழ் அரசாணை போல இருந்தது. பருப்பின் படங்களை ஒட்டி நாங்களே மாற்ற வேண்டியதாயிற்று. காணொளிகளைக் கைப்பேசியில் அனுப்பினார்கள், ஆனால் வேலைக்கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதை முதல் நாளே பார்த்திருக்கலாம். போர்மா பார்க்கும் ஆட்களை முதல் கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டது இதைவிடப் பெரிய பிசகு. குற்றம் தங்கள் மீது போடப்படுகிறது என்று அவர்கள் முறுக்கிக்கொண்டதைத் தணிக்க எனக்கு நேரம் பிடித்தது. ஒப்பந்தம் முடிந்தபின் வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் வேலையில் தெரியும் மாற்றம் என்ற மூன்றாம் படியை அளக்கும் வேலையே அப்போதுதான் தொடங்குகிறது.

இருந்தும் கிரேடிங்கில் திரும்பி வரும் தட்டுகள் கண்கூடாகக் குறைந்தன. பீலிங் உடைவும் குறைந்தது, ஆனால் அதில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, நேரப் பதிவுக்கும் கூலி மாற்றத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அதிகம் ஆள் மாறாத, மூத்த தொழிலாளர்கள் உள்ள ஆலைகளுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாதந்தோறும் புது ஆட்கள் வந்து போகும் இடத்தில் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களே நிலைக்க மாட்டார்கள் என்பதால் அங்கே இது கையைக் கடிக்கும். அடுத்து கொட்டை உடைக்கும் பிரிவுக்கும் இவர்களையே கேட்டிருக்கிறோம். பின்தொடர் வருகை கட்டணத்துக்குள் அடங்க வேண்டும், ஈரப்பதம் மாறும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்ற இரண்டையும் இந்த முறை எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.