மன்னார்குடி மாமியின் கோகுலாஷ்டமி பட்சண செட்: முறுக்குக்கு வாங்கலாம், வெல்லச் சீடைக்கு வேண்டாம்

பட்சணத்தை வெளியில் வாங்கலாமா கூடாதா என்ற சண்டை எங்கள் வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் அதற்குள் போகவில்லை. மன்னார்குடியில் ஒரு மாமி வீட்டிலேயே செய்து கொடுக்கிறார். போர்டு கிடையாது, பில் கிடையாது. பேரைப் போட்டுடாதே, கூட்டம் தாங்காது என்று அவரே சொல்லிவிட்டதால் இங்கே பெயரும் கிடையாது. ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வரும், பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால் ஆர்டர் உறுதி. உப்புச் சீடை, வெல்லச் சீடை, கைமுறுக்கு, தட்டை, தேன்குழல், சின்ன டப்பாவில் திரட்டுப்பால், சுக்கு வெல்லம் ஓர் உருண்டை, எல்லாம் சேர்த்து செட் 900 ரூபாய். தனித்தனியாகவும் தருவார், ஆனால் அது லிஸ்டில் இருக்காது, வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

கைமுறுக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஏழு சுற்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் திருகித் திருகிப் போட்டிருக்கும் அந்த முறுக்கல் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே சீர். அச்சில் பிழிந்துவிட்டு கைமுறுக்கு என்று விற்கிறார்களே, அதில் இந்தத் திருகல் இருக்காது, வழவழவென்று ஓடும், பார்த்தாலே தெரிந்துவிடும். ஒடித்தால் படக்கென்று ஒடிகிறது, நடுவில் வேகாத வெள்ளைக் கோடு இல்லை, தேங்காய் எண்ணெயில் பொரித்தும் சிக்கு வாடை இல்லை. மாவைப் பற்றிக் கேட்டேன். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, தொட்டால் லேசாக ஈரம் ஒட்டுகிற பதத்திலேயே மில்லுக்கு அனுப்பிவிடுவாராம். சுற்றிலும் நெல் விளைகிற இந்தப் பக்கத்திலேயே பாக்கெட் மாவில் பட்சணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதற்கே தனியாக ஒரு மார்க் போடலாம். வெண்ணெயும் தாராளம்தான். பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபாலசுவாமி மேல் வெண்ணெயை வாரி வீசுகிற ஊர், முறுக்குக்கு வெண்ணெய் போடக் கணக்குப் பார்த்தால் அவரே வந்து கேட்பார்.

உப்புச் சீடையும் நன்றாக இருந்தது. வீட்டில் செய்யப் பலரும் தயங்குவதே அது வெடிக்கும் என்பதால்தான், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இல்லாவிட்டால் எண்ணெயோடு சேர்ந்து முகத்துக்கே வரும். இவர் உளுந்தை வறுத்து அரைத்துச் சலித்து, திப்பி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்கிறார். உருட்டும்போதும் அழுத்தி வழவழப்பாக உருட்டுவதில்லை, சும்மா உள்ளங்கையில் ஓட்டித் துணியில் போட்டு உலரவிடுகிறார். அதனால் சீடை பார்க்க அழகாக இருக்காது, மேலே சொரசொரப்பும் கீறலுமாக இருக்கும், ஆனால் கடித்தால் கரகரவென்று பொடிகிறது, எள்ளும் தேங்காயும் தனித்தனியாக வாயில் தெரிகின்றன. தட்டை, தேன்குழல் இரண்டும் பரவாயில்லை ரகம். அந்த விலைக்குத் தஞ்சாவூரிலேயே எந்த நல்ல கடையிலும் கிடைக்கும்.

வெல்லச் சீடைதான் கோட்டைவிட்ட இடம். பாகு முற்றிவிட்டது என்று நினைக்கிறேன், கோலிக்குண்டு தோற்றது. அத்தைக்குக் கட்டின பல், அவர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மீதியைச் சின்ன உரலில் போட்டு இடித்துச் சூடான பாலில் கலந்து சாப்பிட்டார், நல்லாத்தான் இருக்கு பாயசம் என்று ஒரு வார்த்தை வேறு. மாமிக்கு போன் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை, வெல்லத்தின் மேல் பழியைப் போட்டார். பணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அப்புறம் பார்சல். மன்னார்குடியில் தஞ்சாவூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார்கள், நாம் புது பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் வரும் என்று சொன்னது சாயங்காலம்தான் வந்தது. பூஜையே விளக்கு வைத்த பிறகுதான் என்றாலும், வாசலிலிருந்து சாமி அறைவரை கிருஷ்ணர் பாதம் போட்டு, அந்த மாக்கோலம் காய்ந்தும்போய், சாமி முன்னால் அவலும் வெண்ணெயும் மட்டும் இருக்க, ஒருத்தர் பஸ் ஸ்டாண்டில் வடுவூர் வழியாக வரும் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? முறுக்கில் சிலது உடைந்தும் போயிருந்தது. நடுவே காகிதம் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பஸ் குலுக்கலில் வேறென்ன ஆகும். செட்டோடு கிருஷ்ணர் பாத ஸ்டிக்கர் ஒரு ஷீட் வைக்கிறார்கள், இலவசமாம். அரிசி மாவைக் கரைத்து, கையை மூடிப் பக்கவாட்டில் ஒற்றி, மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? அந்த ஸ்டிக்கருக்குப் பதிலாக முறுக்குக்கு நடுவில் காகிதம் வைக்கலாம்.

இவ்வளவு சொல்லியும் மறுபடி வாங்குவேன், ஆனால் முதல் ஈட்டில் இல்லை. வீட்டில் அஷ்டமி பார்ப்பவர்களுக்கும், ஆவணி ரோகிணி பார்த்து ஸ்ரீஜயந்தி கொண்டாடும் வைஷ்ணவர்களுக்கும் நாள் வேறுவேறாக வரும், சில வருஷம் ஒரு மாதமே தள்ளிப்போகும். 2025ல் அப்படித்தான், ஆகஸ்ட் 16 கோகுலாஷ்டமி என்றாலும் அன்று ஆடி இன்னும் முடியவில்லை, அதனால் ஸ்ரீஜயந்தி செப்டம்பர் நடுவில் வந்தது. அதற்காக மாமி இன்னொரு ஈடு போடுகிறார். ஆர்டர் குறைவு, அடுப்பு ஒன்று, ஆளும் அவரே. எங்கள் தெருவில் ஒரு ஐயங்கார் வீட்டுக்கு வந்த டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். வெல்லச் சீடை பொலபொலவென்று உதிர்ந்தது, அதே மாமி, அதே வெல்லம்தான். முதல் ஈட்டுக்கு மட்டும் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். கைமுறுக்கை மட்டும் அப்போதும் யார் கையிலும் கொடுப்பதில்லையாம்.

ஆகவே கோகுலாஷ்டமிக்கு வாங்குகிறவர்கள் செட் சொல்லாதீர்கள். கைமுறுக்கு, உப்புச் சீடை, திரட்டுப்பால் என்று தனியாகக் கேளுங்கள், இனிப்புக்கு வீட்டில் நாலு அப்பம் ஊற்றிக்கொள்ளலாம். முதல் நாளே பஸ்ஸில் போடச் சொல்லுங்கள், முடிந்தால் ஆளே போய் எவர்சில்வர் தூக்கில் வாங்கி வருவது இன்னும் நல்லது. ஒன்று மட்டும், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை போன் எடுக்கமாட்டார், அந்த நேரத்தில் அடித்து வாங்கிக்கட்டிக்கொள்ளாதீர்கள்.