ஜிஐ பைப் வெல்டிங்குக்கு பி100 மாஸ்க்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாடித் தோட்ட ஸ்டாண்டு, அவரைப் பந்தல் என்று வீட்டுக்கு வேண்டியதை ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நானே வெல்டிங் வைத்துக்கொள்கிறேன். சில வருடங்களாக இதற்கு நான் போடுவது, இரண்டு பக்கமும் தட்டையான பி100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் மாஸ்க்.

இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி வேண்டும். மேலே பூசிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆர்க் (வெல்டிங் மின்பொறி) பட்டதும் கிளம்பும் வெள்ளைப் புகை அதுதான். சுவாசித்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், வாயில் இரும்புச் சுவை தட்டும். பொதுவாக ஓரிரு நாளில் அடங்கும். மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய், என்ன வெல்டிங் செய்தோம் என்பதையும் சொல்லுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

துண்டும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தப் புகைக்கு உதவாது. பி100 நுண்துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி மெதுவாக மூச்சை இழுங்கள். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய டப்பா மாதிரி ஃபில்டர் வேண்டாம், வெல்டிங் ஹெல்மெட் அதில் இடிக்கும். சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை வழியத்தான் செய்யும். மூச்சு இழுக்கக் கனமானாலோ, பொறி பட்டு ஓட்டை விழுந்தாலோ ஃபில்டரை மாற்றிவிடுகிறேன்.

இவ்வளவு இருந்தும் மாஸ்க்கை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் வேலை, வெல்டிங் வரும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு பிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) பூச்சைத் தேய்த்து எடுப்பது. மங்கல் சாம்பல் நிறம் போய்ப் பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும். தேய்க்கும்போதும் மாஸ்க் இருக்கட்டும். பைப்பின் உள்பக்கத்தைத் தேய்க்க வழியில்லை. அந்தப் புகை திறந்த முனை வழியாக வரும், அந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஃபேனை முதுகுப் பக்கம் வைத்தால் புகை சுழன்று முகத்துக்கே வரும், பக்கவாட்டில் வையுங்கள்.

பி100 துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. அதனால் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் ஆர்க் வைக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். பழைய காயலான் கடை போல்ட்டுகளையும் நான் வெல்டிங்குக்கு எடுப்பதில்லை. சிலவற்றில் காட்மியம் பூச்சு இருக்கும்; அந்தப் புகை உயிரையே எடுத்துவிடும்.